தப்பே சொல்லாத மார்க்டவுன்

வெறும் எழுத்துக்கு நடுவே சில குறிகளைப் போட்டு, போல்டு, தலைப்பு, பட்டியல் போன்ற வடிவங்களைக் காட்டும் முறைக்கு மார்க்டவுன் என்று பெயர். அதில் ஒரு சொல்லின் இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டுப் பாருங்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அது போல்டாகத் தெரியும். அதையே டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒட்டினால் சொல்லுக்குக் கீழே கோடு விழும். டெலிகிராம் செயலியில் தட்டினால் எழுத்து சாயும். அதே டெலிகிராமுக்கு ஒரு பாட் (தானாகச் செய்தி அனுப்பும் நிரல்) வழியாக, மார்க்டவுன் வி2 என்ற முறையில் அனுப்பினால் மறுபடி அடிக்கோடு. நான்கு இடத்திலும் தட்டிய விசைகள் ஒன்றேதான். எந்த இடத்திலும் யாரும் "இது தப்பு" என்று சொல்லவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விஷயம்தான். நிரல்மொழியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலர் கத்தும். இணையப் பக்கங்களின் குறிமொழியான எச்டிஎம்எல்லைக்கூட, பிழை பார்க்கும் ஒரு வேலிடேட்டரில் போட்டுச் சோதிக்கலாம். மார்க்டவுனில் பிழையான கோப்பு என்று ஒன்று கிடையாது. எதைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். புரிந்தால் வடிவம் கொடுக்கும், புரியாவிட்டால் தட்டியதை அப்படியே எழுத்தாகக் காட்டும். அதனால்தான் எடிட்டரில் அழகாக இருந்த ஒன்று வேறோர் இடத்தில் குலைந்து கிடந்தால், யாராவது கண்ணால் பார்க்கும்வரை அது யாருக்கும் தெரிவதில்லை.

மேலே போகும் முன் ஒன்று. இந்தக் கட்டுரை முழுக்கக் குறிகளைப் பெயர் சொல்லித்தான் எழுதப் போகிறேன். நட்சத்திரக் குறி, அடிக்கோடு, ஹேஷ், அலைக்குறி, இப்படி. குறியை நேராகப் போட்டால் நீங்கள் எதில் படிக்கிறீர்களோ அதைப் பொறுத்து அது குறியாகவே தெரியலாம், அல்லது பாதிப் பத்தி போல்டாகிவிடலாம். பேசுகிற விஷயமே அதுதான் என்பதால் சோதித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மார்க்டவுனை 2004இல் வெளியிட்டவர் ஜான் கிரூபர். குறிகளை வடிவமைத்ததில் ஆரோன் ஸ்வார்ட்ஸுக்கும் பங்கு உண்டு. ஹேஷ் போட்டுத் தலைப்பு எழுதும் வழக்கம், ஸ்வார்ட்ஸ் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு செய்த ஏடிஎக்ஸ் என்ற முறையிலிருந்து வந்தது. தலைப்புக்குக் கீழே கோடு இழுக்கும் இன்னொரு வழக்கம் அதற்கும் பழையது, 1990களின் தொடக்கத்தில் வந்த செடெக்ஸ்ட் முறையைச் சேர்ந்தது. மற்றவை பெரும்பாலும் மின்னஞ்சலில் ஏற்கெனவே புழங்கியவை. வெறும் எழுத்து மட்டுமே போகிற மின்னஞ்சலில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல இரு பக்கமும் நட்சத்திரம் போடுவார்கள், பதில் எழுதும்போது பழைய வரிக்கு முன்னால் பெரிது குறி வரும். கிரூபர் செய்தது இந்தப் பழக்கங்களை எடுத்து எச்டிஎம்எல் ஆக்கித் தரும் ஒரு பெர்ல் நிரல் எழுதியது. வடிவம் கொடுக்காமல் அப்படியே படித்தாலும் மூலம் உறுத்தாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அந்த நோக்கத்தில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. அவர் எழுதி வைத்தது எழுதுபவர்களுக்கான ஒரு விளக்கப் பக்கம், நிரல் எழுதுபவர்களுக்கான இலக்கணம் அல்ல. பட்டியலுக்குள் பட்டியல் வந்தால் எத்தனை ஸ்பேஸ் தள்ள வேண்டும், பத்திக்கு அடியில் வெற்று வரி விடாமல் புல்லட் தொடங்கினால் என்ன ஆகும், போல்டுக்குள் சாய்வும் சாய்வுக்குள் போல்டும் குறுக்கிட்டால் எது முதலில் மூடும் என்பதற்கெல்லாம் அந்தப் பக்கத்தில் தெளிவான விடை இல்லை. அந்த பெர்ல் நிரலை ஓட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு விடை வரும். ஆனால் அந்த நிரல் அடுக்கடுக்காக ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் சூத்திரம்) மாற்றீடுகள் செய்கிற ஒன்று. அதில் வருவது முடிவா விபத்தா என்று சொல்வது கடினம். பிறகு பிஎச்பியிலும் பைத்தானிலும் ரூபியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஆளுக்கொரு பார்சர், அதாவது குறிகளைப் படித்து வடிவமாக்கும் நிரல், எழுதினார்கள். விளக்கம் மௌனமாக இருந்த இடங்களில் ஒவ்வொருவரும் தனக்கு நியாயமாகப் பட்டதைச் செய்தார்கள்.

இதையெல்லாம் அலட்சியம் என்று நான் நினைத்ததில்லை. வேறுபாடுகளைப் பார்க்கப் பார்க்க, அவற்றில் பாதிக்கும் மேல் ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள் என்றுதான் தோன்றுகிறது: இந்தப் பெட்டியில் தட்டப் போவது யார்?

என்டர் விசையை எடுத்துக்கொள்வோம். மூல மார்க்டவுனில் ஒரு என்டர் தட்டினால் வரி உடையாது, அடுத்த வரி முந்தையதோடு சேர்ந்து ஒரே பத்தியாகும். புதுப் பத்தி வேண்டுமென்றால் நடுவில் ஒரு வெற்று வரி விட வேண்டும். பத்திக்குள்ளேயே வரியை உடைக்க, வரியின் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் விட்டு என்டர் தட்ட வேண்டும். முதல்முறை கேட்பவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் எழுபது எண்பது எழுத்துக்கு ஒருமுறை தானாகவே வரி மடிக்கும் எடிட்டரில் எழுதுகிறவருக்கு இதுதான் வேண்டும். அவர் தட்டிய என்டர்கள் திரை அகலத்துக்காக வந்தவை, வாசகருக்காக அல்ல. அவற்றையெல்லாம் வரி உடைப்பாகக் காட்டினால் பத்தி பல்லிளிக்கும்.

கருத்துப் பெட்டியில் எழுதுகிறவர் அப்படி இல்லை. அவர் என்டர் தட்டினால் அடுத்த வரி வேண்டும் என்றுதான் பொருள். நான்கு அடி வெண்பாவை ஒட்டுகிறார், அது உரைநடையாக ஓடிவிட்டால் அவருக்குக் கோபம் வருமா வராதா? அதனால் கிட்ஹப் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. இஷ்யூவிலும் (பிழை, கோரிக்கை பற்றிய பதிவு) கருத்திலும் ஒரு என்டர் என்றால் வரி உடையும், திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில் உள்ள மார்க்டவுன் கோப்பில் உடையாது. ஒரே தளம், ஒரே நிறுவனம், ஒரே பார்சர் குடும்பம், ஆனாலும் கோப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து இஷ்யூவில் ஒட்டினால் தோற்றம் மாறுகிறது. கமிட் செய்தியை (நிரலில் செய்த மாற்றத்தை விளக்கும் குறிப்பு) 72 எழுத்துக்கு மடித்து எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தச் செய்தி, மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் புல் ரிக்வெஸ்டின் விளக்கமாகப் போய் உட்காரும்போது வரிகள் பாதி அகலத்திலேயே முறிந்து முறிந்து நிற்கும்.

விவாத மன்றங்களுக்கான டிஸ்கோர்ஸ் மென்பொருளும் இயல்பாகவே என்டரை வரி உடைப்பாக எடுத்துக்கொள்கிறது, நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தின் கேள்விகளிலும் பதில்களிலும் பழைய முறைதான். இரண்டையும் தொடங்கியவர்களில் ஜெஃப் அட்வுட் என்ற ஒரே ஆள் இருக்கிறார் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் முரண் இல்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் விடை எழுதுகிறார்கள், டிஸ்கோர்ஸில் பேசுகிறார்கள். அப்சிடியன் குறிப்பெடுக்கிறவர்களுக்கானது, அங்கும் இயல்பில் என்டர் உடைக்கும். பழையது வேண்டுமானால் அமைப்பில் கண்டிப்பான வரி உடைப்பு என்ற தெரிவை இயக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டு ஸ்பேஸ் விஷயத்தை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பொருள் கொடுத்தது மார்க்டவுனின் மிக மோசமான முடிவு என்பது என் கட்சி. நிரல் எழுதும் பல எடிட்டர்களில் சேமிக்கும்போது வரிக்கடைசி ஸ்பேஸ்களைத் துடைத்துவிடும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வைத்திருப்பவரின் கையில் கோப்பு ஒருமுறை போய் வந்தால் முகவரி, கவிதை, கையொப்பம் எல்லாம் ஒரே வரியாகும். மாற்றங்களைச் சரிபார்க்கச் சொன்னால், கோப்பின் பதிப்புகளைக் கண்காணிக்கும் கிட் கருவி அந்த ஸ்பேஸ்களைக் குறையாகச் சுட்டும். அதனால் பல திட்டங்களில், எடிட்டர்களுக்கான அமைப்புகளை வைக்கும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் மார்க்டவுனுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதி வைத்திருப்பார்கள். கைபேசியில் கதை இன்னும் மோசம். பல விசைப்பலகைகளில் ஸ்பேஸை இரண்டு முறை தட்டினால் அது முற்றுப்புள்ளியாக மாறிவிடும். வரியை உடைக்கப் போய் வாக்கியம் முடிந்துவிடுகிறது. மார்க்டவுனுக்குத் தெளிவான இலக்கணமாகப் பின்னாளில் வந்த காமன்மார்க், வரியின் கடைசியில் ஒரு பின்சாய்கோடு போட்டாலும் உடையும் என்றது. கண்ணுக்குத் தெரிகிறது, யாரும் துடைக்கமாட்டார்கள். ஆனால் பழைய பார்சரில் அந்தப் பின்சாய்கோடு அப்படியே வரியின் வாலில் தொங்கும்.

பட்டியல்களில் நடக்கும் குழப்பம் வேறு வகை. இங்கே தட்டுபவர் யார் என்பதைவிட எண்ணிக்கைதான் பிரச்சினை. உள்பட்டியலுக்கு நான்கு ஸ்பேஸ் அல்லது ஒரு டேப் என்பது பழைய வழக்கம். காமன்மார்க் எண்ணுவதில்லை. மேலே இருக்கும் உருப்படியின் எழுத்து எந்த நெடுவரிசையில் தொடங்குகிறதோ, அதற்கு நேராக வந்தால் உள்ளே என்று எடுத்துக்கொள்கிறது. ஆக புல்லட்டுக்கு இரண்டு ஸ்பேஸ் போதும், ஒற்றை இலக்க எண்ணுக்கு மூன்று வேண்டும், பத்தாவது உருப்படி வந்ததும் நான்கு. பைத்தான்-மார்க்டவுன் என்ற பார்சர் இன்றும் நான்கைத்தான் கேட்கிறது. ஆவணத் தளங்களுக்கு நிறையப் பேர் பயன்படுத்தும் எம்கேடாக்ஸ் அதன் மேல்தான் நிற்கிறது. விஎஸ் கோடு என்ற எடிட்டரின் முன்தோற்றம் மார்க்டவுன்-இட் என்ற, காமன்மார்க்கைப் பின்பற்றும் பார்சரில் ஓடுகிறது. இரண்டு ஸ்பேஸ் தள்ளி எழுதினால் எடிட்டரில் பட்டியல் இரண்டு நிலையாக, அழகாக அடங்கியிருக்கும். தளத்தைக் கட்டி எடுத்தால் எல்லாம் ஒரே மட்டத்தில் படுத்திருக்கும். நான்கு நான்காகத் தள்ளி எழுதியிருந்தாலும், பிரிட்டியர் போன்ற ஒழுங்குபடுத்தும் கருவி புகுந்து அதை இரண்டாகக் குறைத்துவிடுவதும் உண்டு. அந்தக் கருவியைக் குறை சொல்ல முடியாது, அது நம்பும் இலக்கணப்படி இரண்டும் ஒன்றுதான்.

"தேவையானவை:" என்று ஒரு வரி எழுதிவிட்டு, வெற்று வரி விடாமல் உடனே புல்லட்டுகள் தொடங்குவது எல்லோரும் செய்வது. கிட்ஹப் அதைப் பட்டியலாக்கும். கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக்கும், பைத்தான்-மார்க்டவுனும் இயல்பில் அதைப் பத்தியின் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டு, புல்லட் குறிகளை நடுநடுவே கோடுகளாகச் சிதறவிட்டு ஒரே பத்தியாகக் காட்டும். அவை ஏன் அப்படிப் பிடிவாதம் பிடிக்கின்றன என்றால், மடித்து எழுதிய பத்தியில் ஒரு வரி தற்செயலாகக் கழித்தல் குறியிலோ "14." என்ற எண்ணிலோ தொடங்கிவிடலாம். அது பட்டியல் ஆகிவிடக் கூடாது. காமன்மார்க் நடுவழியைப் பிடித்தது. புல்லட் பத்தியைக் குறுக்கிடலாம், எண் பட்டியல் குறுக்கிட வேண்டுமென்றால் ஒன்றில்தான் தொடங்க வேண்டும். இந்த விதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு யாரோ இவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அந்த யாரோ பெரும்பாலும் ஜான் மெக்ஃபார்லேன். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர், பாண்டாக் அவர் எழுதியது. 2014இல் அவரும் அட்வுட்டும், கிட்ஹப், ரெட்டிட், ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் போன்ற இடங்களைச் சேர்ந்த சிலரும் கூடி ஒரு தெளிவான இலக்கணத்தை வெளியிட்டார்கள். முதலில் வைத்த பெயர் ஸ்டாண்டர்டு மார்க்டவுன். கிரூபர் அந்தப் பெயருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சில நாட்களில் அது காமன்மார்க் ஆனது. வெவ்வேறு இடங்களுக்கு வெவ்வேறு தேவை இருக்கும், எல்லோருக்கும் ஒரே இலக்கணம் என்பது தேவையில்லை என்பது கிரூபரின் நிலை. அன்று பலர் அவரைத் திட்டினார்கள். நான் மேலே சொன்ன என்டர் கதையைப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் தேவை வேறாக இருப்பது ஒன்று, பட்டியலுக்கு எத்தனை ஸ்பேஸ் என்பதில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதால் யாருக்கும் லாபமில்லை.

காமன்மார்க் இலக்கணத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இந்த எழுத்துக்கு இந்த எச்டிஎம்எல் என்று எழுதியிருக்கிறது, ஒரு பார்சர் எழுதுபவர் அவற்றையே சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம். 2017இல் கிட்ஹப் தன்னுடைய வகைக்கான இலக்கணத்தை இதன் மேல் கட்டி வெளியிட்டது. 2020இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதற்கு மாறியது. ஹேஷுக்குப் பிறகு ஸ்பேஸ் விட்டால்தான் தலைப்பு என்பதும் இங்கே உறுதியானது. பழைய நிரலில் ஸ்பேஸ் இல்லாமலே தலைப்பாகிவிடும். ஹேஷ்டேக் போடுகிற, இஷ்யூ எண்ணை ஹேஷ் வைத்து எழுதுகிற காலத்தில் அது சரிப்படாது.

இனி தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை. பெயரோடு வேற்றுமை உருபை ஒட்டி எழுதும் மொழி நம்முடையது. "அட்டவணையில்" என்பதில் "அட்டவணை" மட்டும் அழுத்தமாகத் தெரிய வேண்டும், "யில்" சாதாரணமாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நட்சத்திரக் குறி போட்டால் வேலை நடக்கும். அடிக்கோடு போட்டால் காமன்மார்க் வழிவந்த இடங்களில் நடக்காது. காரணம், கோப்புப் பெயரிலும் நிரலின் மாறிப் பெயரிலும் சொல்லுக்கு நடுவே அடிக்கோடு நிறைய வரும், அதெல்லாம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லின் நடுவில் இருக்கும் அடிக்கோட்டைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு "யில்" ஒட்டியிருப்பதால் நம்முடைய மூடும் அடிக்கோடும் சொல்லின் நடுவில்தான் இருக்கிறது. பழைய பெர்ல் நிரல் இதைச் சாய்த்துக் காட்டும்.

நட்சத்திரமும் ஓரிடத்தில் கைவிடும். அட்டவணை என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு, அந்த மேற்கோளுக்கு வெளியே இரட்டை நட்சத்திரம் வைத்து, இடைவெளி இல்லாமல் "யில்" ஒட்டிப் பாருங்கள். போல்டு வராது, நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். ஒரு குறி திறப்பதா மூடுவதா என்று காமன்மார்க் அதன் இரு பக்கத்து எழுத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. உள்பக்கம் நிறுத்தக்குறி, வெளிப்பக்கம் எழுத்து என்று வந்தால் அது மூடும் குறியாக இருக்க முடியாது என்பது விதி. ஆங்கிலத்தில் மேற்கோள் முடிந்தால் ஸ்பேஸோ புள்ளியோ வரும், எனவே பிரச்சினையே எழாது. ஜப்பானிய மொழியிலும் சீனத்திலும் கொரிய மொழியிலும் எழுதுகிறவர்கள் இதைப் பற்றி நெடுங்காலமாக முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கும் அதே வியாதிதான். மருந்து சுலபம்: மேற்கோள் குறியை வெளியே வைத்து நட்சத்திரங்களை அதற்கு உள்ளே வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

உருபு சேரும்போது சொல்லே மாறும் இடங்களில் இதுவும் பலிக்காது. "கோப்பு" என்பது "கோப்பில்" ஆகும்போது கடைசி எழுத்தின் உகரம் போய் இகரம் வந்துவிடுகிறது. நடுவில் நட்சத்திரத்தைச் சொருகினால் இகரக் குறி தன் மெய்யைவிட்டுப் பிரிந்து, புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கும். முழுச் சொல்லையும் போல்டு ஆக்குவதைத் தவிர வழியில்லை. சாய்வெழுத்தை நான் தமிழில் பயன்படுத்துவதே இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வரைந்திருக்கமாட்டார்கள், உலாவி நேரெழுத்தையே பிடித்து வளைத்துக் காட்டும்.

அரட்டைச் செயலிகளுக்கு வருவோம். ஸ்லாக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஒற்றை நட்சத்திரம் போல்டு. மார்க்டவுன் பழகியவருக்கு இது எரிச்சல், ஏனென்றால் அங்கே ஒற்றை நட்சத்திரம் சாய்வு. ஆனால் அவசரமாக ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல நினைப்பவர் ஒரு நட்சத்திரம்தான் போடுவார், இரண்டு போடமாட்டார். ஸ்லாக் தன்னுடைய முறைக்கு உயிரெழுத்துகளை உருவிவிட்டு வேறு பெயரே வைத்திருக்கிறது, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். செயற்கை நுண்ணறிவு அரட்டைகள் வந்த பிறகு இன்னொரு காட்சி சகஜமாகிவிட்டது. அவை மார்க்டவுனில் பதில் தரும், அதை நகலெடுத்து மின்னஞ்சலிலோ படிவத்திலோ ஒட்டுவார்கள், இரட்டை நட்சத்திரங்கள் வரிசை கட்டி நிற்கும்.

பிழையே சொல்லாது என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு விதிவிலக்கும் டெலிகிராமில்தான் இருக்கிறது. பாட்களுக்கான மார்க்டவுன் வி2 முறையில் முற்றுப்புள்ளி, கழித்தல் குறி, ஆச்சரியக்குறி, அடைப்புக்குறி எல்லாவற்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். ஒன்றை விட்டாலும் முழுச் செய்தியையும் திருப்பி அனுப்பிவிடும், காரணத்தையும் சொல்லும். இதைத் திட்டாத பாட் நிரலாளர் குறைவு. ஒரு சாதாரண வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்குக்கூடப் பின்சாய்கோடு கேட்பது மார்க்டவுனின் நோக்கத்தையே தலைகீழாக்குவதுதான். இருந்தாலும் குலைந்து போய்ச் சேர்வதைவிடத் திரும்பி வருவது மேல் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

சில மோதல்கள் யாரும் திட்டமிடாமல் வந்தவை. கோப்பின் தலையில், மூன்று கழித்தல் குறிகள் கொண்ட இரண்டு வரிகளுக்கு நடுவே தலைப்பு, தேதி போன்ற விவரங்களை எழுதும் பழக்கம் தளம் கட்டும் கருவிகளிலிருந்து வந்தது. அதை அறியாத பார்சருக்கு முதல் மூன்று கோடு ஒரு குறுக்குக் கோடு. கீழே இருக்கும் மூன்று கோடு, செடெக்ஸ்ட் வழக்கப்படி, தனக்கு மேலே உள்ள விவரங்களையெல்லாம் பெரிய தலைப்பாக்கிவிடும். பக்கத்தின் உச்சியில் தேதியும் குறிச்சொற்களும் கொட்டை எழுத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். பாண்டாக்கில் ஒற்றை அலைக்குறிகளுக்கு நடுவே எழுதினால் கீழெழுத்து, கிட்ஹப்பில் அதே குறி எழுத்தைக் குறுக்கே அடித்துவிடும். வேதியியல் சூத்திரம் எழுதுகிறவர்கள் கவனிக்க. டேபிள் மூல மார்க்டவுனிலும் இல்லை, காமன்மார்க்கிலும் இல்லை. மிஷேல் ஃபோர்தானின் பிஎச்பி மார்க்டவுன் எக்ஸ்ட்ரா போன்றவை கொண்டுவந்து பரவிய சங்கதி அது.

ஒரு கோப்பு தான் எந்த வகை மார்க்டவுன் என்று சொல்வதற்குக் கோப்புக்குள் இடமே இல்லை. 2016இல் வந்த ஆர்எஃப்சி 7763 என்ற இணைய ஆவணம் இதற்கு ஒரு வழி வைத்தது. கோப்பை இணையத்தில் அனுப்பும்போது இது மார்க்டவுன், இன்ன வகை என்று கூடவே ஒரு குறிப்பு அனுப்பலாம். ஆனால் வன்தட்டில் இருக்கும் கோப்பு அந்தக் குறிப்பைச் சுமப்பதில்லை. பெயரின் வாலில் இருக்கும் எம்டி என்ற இரண்டெழுத்து எல்லா வகைக்கும் பொது. மெக்ஃபார்லேனே 2022இல் ஜாட் என்று ஒரு புதிய குறிமொழியை வெளியிட்டார். அதில் பத்தியை எந்தப் பட்டியலும் குறுக்கிட முடியாது, வெற்று வரி விட்டே ஆக வேண்டும். காமன்மார்க்குக்காக அவ்வளவு மன்றாடிய ஆள், பழைய வழக்கங்களைக் காப்பாற்றும் கடமை இல்லாதபோது எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பார்க்க அது நல்ல இடம்.

எது எங்கே எப்படித் தெரியும் என்று சந்தேகம் வந்தால் பேபல்மார்க் என்ற கருவி இருக்கிறது. ஒரு துண்டை ஒட்டினால் பல பார்சர்களின் வெளியீட்டையும் அடுத்தடுத்துக் காட்டும். நான் அதற்குப் போவது குறைந்துவிட்டது, ஏனென்றால் எழுதும் பழக்கத்தையே மாற்றிக்கொண்டேன். தலைப்பு, பட்டியல், மேற்கோள், நிரல்துண்டு எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு வெற்று வரி. உள்பட்டியலுக்கு எப்போதும் நான்கு ஸ்பேஸ். சாதாரணப் புல்லட், ஒற்றை இலக்க எண் பட்டியல்களில் காமன்மார்க் அதையும் ஏற்கிறது. போல்டுக்கு இரட்டை நட்சத்திரம் மட்டும், அடிக்கோடு கிடையாது. நிரல்துண்டை நான்கு ஸ்பேஸ் தள்ளி எழுதுவதில்லை, மூன்று பேக்டிக் குறிகளுக்குள் (இடப்பக்கம் சாய்ந்த ஒற்றை மேற்கோள் போன்ற குறி) வைக்கிறேன். வரியை உடைத்தே ஆக வேண்டிய கவிதை வந்தால் பின்சாய்கோடு. மூன்று நிலைக்கு மேல் பட்டியல் ஆழமாகப் போனால் அதை உடைத்துப் பத்தியாக எழுதிவிடுகிறேன், பார்சருக்காக இல்லை, அப்படிப்பட்ட பட்டியலை யாரும் படிப்பதில்லை.

மிச்சம் இருப்பது தலைப்புகளுக்கான இணைப்பு. பார்சர்கள் தலைப்பிலிருந்து தாமாகவே ஒரு ஐடி (அந்த இடத்துக்கான அடையாளப் பெயர்) செய்துகொள்ளும், உள்ளடக்கப் பட்டியலிலிருந்து அங்கே தாவலாம். தலைப்பு தமிழில் இருந்தால் பைத்தான்-மார்க்டவுனின் இயல்பு முறை ஆங்கில எழுத்தல்லாத எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு, அடிக்கோடும் ஒரு எண்ணும் மட்டும் வைக்கும். கிராம்டவுன் என்ற இன்னொரு பார்சரின் சொந்த முறை எல்லாத் தமிழ்த் தலைப்புக்கும் "பிரிவு" என்ற பொருளில் ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்து எண் போட்டுக்கொண்டே போகும். கிட்ஹப் தமிழை அப்படியே வைத்துக்கொள்ளும். எண் வைக்கும் இடங்களில் நடுவில் ஒரு புதுத் தலைப்பைச் சேர்த்தால் கீழே உள்ள எல்லா இணைப்பும் ஒரு படி தள்ளிப் போய், தவறான இடத்தில் கொண்டுபோய்விடும். அதுவும் சத்தமில்லாமல். அதனால் தலைப்பின் வாலில் நெளிவு அடைப்புக்குள் ஹேஷோடு நானே ஓர் ஐடி எழுதிவிடுகிறேன், பாண்டாக்கும் கிராம்டவுனும் அதைப் புரிந்துகொள்ளும். கிட்ஹப்பில் அந்த அடைப்பும் தலைப்போடு சேர்ந்து எழுத்தாகவே தெரியும். அங்கே போகிற கோப்பில் மட்டும் தலைப்புக்கு மேலே ஒரு வெறும் எச்டிஎம்எல் ஆங்கரை (இணைப்பு வந்து சேரும் இடக்குறி) வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.